பூட்டப்பட்ட பூங்காக்கள்: அமெரிக்கத் தெற்கும் 'பொது' என்ற சொல்லும்



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் நினைவுச் சொற்பொழிவில் அமெரிக்காவின் மாநிலப் பூங்காக்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் தோழர்கள் சிலருக்குச் சிரிப்பு வந்தது. பூங்கா என்றால் ஓய்வு, பொழுதுபோக்கு. போராட்டக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானம் எதைப் பற்றியது என்று நினைத்துப் பாருங்கள். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுக்கட்டடம் இவற்றில் யாரையும் தடுக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். 'பொது' என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா இல்லையா என்று அவர் கேட்டார். அதே கேள்வியை வேறொரு நாட்டில் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் நின்று கேட்டவர்களின் கதை இது.

இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய பிள்ளைகள் சிலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள், இன்று வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில் பக்கமும், அட்லாண்டாவின் புறநகர்களிலும், டெக்சாஸில் டாலஸ், ஆஸ்டின் பக்கமும் வேலைக்காகக் குடியேறியிருக்கிறார்கள். தென்மாநிலங்களுக்குக் குடிவருவோருக்கென்று அங்கே வழிகாட்டிக் கையேடுகள் உண்டு. வீட்டு விலை, பள்ளிக்கூடம், வரி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மாநிலப் பூங்காக்களுக்கு வருவார்கள். ஏரி, படகு, மரவீடு, கூடாரம் போடும் இடம், காட்டுப் பாதை. நம் ஊரில் நகராட்சிப் பூங்கா என்றதும் மனதில் வரும் நான்கு சிமெண்டு இருக்கையும் ஒரு சறுக்குமரமும் அல்ல அவை. நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடும் நீரும் மாநில அரசின் சொத்தாக, மக்கள் வந்து தங்கிப்போக வைத்திருப்பவை. நம் பிள்ளைகளும் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மகிழ்ச்சிதான். அந்த ஏரிக்கு யார் மண் சுமந்தார்கள், யார் இறங்கக்கூடாதென்று தடுக்கப்பட்டார்கள் என்பதைக் கையேடு சொல்லாது. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

தெற்கின் பூங்காக்களில் பெரும்பகுதி 1930களில் பிறந்தவை. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையின்றித் திரிந்த இளைஞர்களுக்காக 1933இல் ரூஸ்வெல்ட் அரசு 'சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்' என்ற வேலைத்திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். மரம் நட்டார்கள், அணை கட்டினார்கள், கல் உடைத்துப் பாதை போட்டார்கள். நிறம், மதம் பார்த்து ஆள் எடுக்கக்கூடாது என்ற வரியை அந்தச் சட்டத்தில் சேர்க்க வைத்தவர் அன்றைய காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். வரி இருந்தது. ஆனால் 1935க்குள் முகாம்கள் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று திட்டத்தின் இயக்குநர் உத்தரவாலேயே பிரிக்கப்பட்டன. 1942இல் திட்டம் முடியும்வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின இளைஞர்கள் அதில் உழைத்தார்கள்.

வர்ஜீனியா மாநிலம் 1936 ஜூன் 15 அன்று ஒரே நாளில் 6 பூங்காக்களைத் திறந்தது. ஒரு மாநிலம் தன் பூங்கா அமைப்பு முழுவதையும் ஒரே நாளில் திறந்தது அதுவே முதல்முறை என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த ஆறில் ஒன்று சீஷோர் மாநிலப் பூங்கா. இப்போது அதன் பெயர் ஃபர்ஸ்ட் லேண்டிங். கடலோரச் சதுப்பில் பாம்புக்கும் கொசுவுக்கும் நடுவே பாதை போட்டு அதை உருவாக்கியவர்கள் கறுப்பின முகாம்களின் தொழிலாளர்கள். திறப்பு விழா முடிந்தபின் அவர்கள் பார்வையாளராக உள்ளே போக முடியாது. கோயில் கட்டக் கல் சுமந்தவன் கொடிமரம் தாண்டக்கூடாது என்ற கதை நமக்குப் புதிதல்ல. ஆகவே இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1948இல் டான்வில் நகரத்து வங்கியாளர் மேசியோ மார்ட்டின் என்ற கறுப்பினத்தவர், ஸ்டான்டன் ரிவர் மாநிலப் பூங்காவில் தனக்கு அனுமதி மறுத்ததற்காக அரசின்மீது வழக்குப் போட்டார். அப்போதைய சட்டம் 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்பது. சமமாக ஒன்று கொடுக்காவிட்டால் வழக்கில் தோற்றுவிடுவோம் என்று அரசு கணக்குப் போட்டது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் கறுப்பர்கள் குளிக்க விட்டிருந்த ஒரு ஏரியைச் சீராக்கி, 1950இல் 'நீக்ரோக்களுக்கான பிரின்ஸ் எட்வர்ட் மாநிலப் பூங்கா' என்று பெயர் வைத்தது. அந்தப் பக்கத்திலேயே வெள்ளையருக்கு குட்வின் ஏரி. இரண்டையும் ஒரே பூங்காவாக்க 1976 ஆக வேண்டியிருந்தது. அதன்பின் 'இரட்டை ஏரிகள்' என்று அழகான பெயர் வந்துவிட்டது.

பிரின்ஸ் எட்வர்ட் என்ற பெயரை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1951இல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், கூரை ஒழுகும் தார்க் காகிதக் கொட்டகைப் பள்ளியை எதிர்த்துத் தன் சக மாணவர்களை வகுப்பைவிட்டு வெளியே அழைத்துச் சென்றது இந்தக் கவுண்டியில்தான். அந்த வழக்கு, 1954இன் புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த 5 வழக்குகளில் ஒன்று. தீர்ப்பு வந்தபின் கவுண்டி என்ன செய்தது? 1959இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. 5 ஆண்டுகள் மூடியே வைத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் பலர் அந்த ஆண்டுகளில் படிப்பே இல்லாமல் வளர்ந்தார்கள். இந்தப் 'பூட்டு' உத்திதான் நாம் இன்று பேசவந்த விஷயத்தின் மையம். பள்ளிக்கூடக் கதை உலகத்துக்குத் தெரியும். பூங்காக்களில் அதே பூட்டு முன்னாலேயே தொங்கத் தொடங்கிவிட்டது.

1955 நவம்பர் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பால்டிமோரின் பொதுக் கடற்கரைகள், குளியலிடங்கள் பற்றிய வழக்கில் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. அதோடு விசாரிக்கப்பட்ட மேரிலாந்தின் சாண்டி பாயிண்ட் மாநிலப் பூங்காவில் ஒரே கடற்கரையில் தெற்குப் பக்கம் வெள்ளையருக்கு, கிழக்குப் பக்கம் கறுப்பருக்கு என்று வைத்திருந்தார்கள். ஊரும் சேரியும் எந்தத் திசையில் அமையும் என்று அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அன்றைக்கே அட்லாண்டாவின் கோல்ஃப் மைதானமும் திறக்கப்பட வேண்டும் என்று உத்தரவானது. சட்டப்படி அன்றே கதை முடிந்திருக்க வேண்டும்.

தென் கரோலினாவில் எடிஸ்டோ பீச் பூங்காவில் நுழைய உரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் 1955இல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு ஒரு முடிவுக்கு வருமுன்பே, 1956இல், மாநிலம் அந்தப் பூங்காவை மூடிவிட்டது. பூங்காவே இல்லையென்றால் வழக்கு எங்கே? 1960, 61 ஆண்டுகளில் ஜே. ஆர்தர் பிரவுன் தலைமையில் என்.ஏ.ஏ.சி.பி. தோழர்கள் மற்ற பூங்காக்களின் வாயிலுக்குப் போனார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள், மறுபடி வழக்கு. 1963 ஜூலை 10 அன்று நீதிபதி ராபர்ட் மார்ட்டின் எல்லோருக்கும் திறக்க உத்தரவிட்டு 60 நாள் அவகாசம் கொடுத்தார். அறுபதாம் நாள், செப்டம்பர் 8 அன்று, மாநிலம் தன் பூங்காக்கள் அத்தனையையும் மூடியது. வெள்ளையருக்கும் சேர்த்துத்தான். 1964இல் திறந்தபோது அரைகுறையாகத் திறந்தார்கள். நடக்கலாம், மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். நீரில் இறங்கக்கூடாது, மரவீடுகளில் இரவு தங்கக்கூடாது. அந்த இரண்டும் கிடைக்க 1966 ஆனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பூங்காவில் எத்தனையோ செயல்கள் உண்டு. ஏன் குளியலும் படுக்கையும் மட்டும் கடைசிவரை பூட்டுக்குள் கிடந்தன? நடப்பவன் கடந்து போய்விடுவான். நீர் அப்படியல்ல, ஒருவர் உடலைத் தொட்ட நீர் இன்னொருவர் உடலைத் தொடும். ஒருவர் படுத்த மெத்தையில் மறுநாள் இன்னொருவர் படுப்பார். தேநீர்க் கடையில் டீ உண்டு, ஆனால் தனிக் குவளை என்ற ஏற்பாட்டின் அதே தர்க்கம். அமெரிக்க நிறவெறியைப் பற்றி எழுதும் பலர் அதைப் பொருளாதாரச் சுரண்டலாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீச்சல் குளத்தின் கரையில் நின்று பார்த்தால் அதற்குள் தீட்டு இருப்பது தெரியும்.

சமூகவியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வரும். 1930களில் லாயிட் வார்னரும் அவர் மாணவர்களும் தெற்கின் நிற அமைப்பைச் 'சாதி' என்றே அழைத்தார்கள். ஆலிவர் காக்ஸ் 1948இல் எழுதிய பெரும் நூலில் அதைக் கடுமையாக மறுத்தார். 1960இல் ஜெரால்டு பெர்ரிமன் இரண்டையும் ஒப்பிட்டு, ஒப்புமை செல்லும் என்றார். 1946இல் பாபாசாகேப் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியதையும், டு போய்ஸ் பதில் எழுதியதையும் நாம் அடிக்கடி மேடையில் சொல்கிறோம். இரண்டும் ஒன்றே என்று நாம் வாதிட வரவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்வோம். தெற்கில் விலக்கு பெரும்பாலும் சட்டமாகவும் விதியாகவும் எழுதப்பட்டிருந்தது. எழுதியதை நீதிமன்றத்தில் கிழிக்க முடிந்தது. இங்கே விலக்கு வழக்கத்தில் இருந்தது. சீனிவாசனின் தீர்மானம் நிறைவேறியும் கிணற்றடியில் ஒன்றும் அசையவில்லை. மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய் நீரைத் தொட்டதும் அடி விழுந்தது; குளத்துக்குச் சடங்கு செய்து 'சுத்தம்' பண்ணினார்கள்; ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. ஆனால் குளத்தைத் தூர்க்கவில்லை. ஏன்? அந்த நீர் சாதி இந்துக்களுக்கும் வேண்டும். பூங்கா அப்படியல்ல. வசதியுள்ள வெள்ளையருக்கு வீட்டுப் பின்புறத்தில் நீச்சல் குளம் இருந்தது, உறுப்பினர் மட்டும் நுழையும் கிளப் இருந்தது. பொதுவை இழக்க முடிந்தவன் பொதுவைப் பூட்டினான். பூட்டிய பூங்காவின் வெளியே நின்றவர்களில் ஏழை வெள்ளையரும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பூட்டியவர்களுக்கே வாக்களித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அலபாமாவின் மாண்ட்கமரியில் நடந்ததைக் கேளுங்கள். பேருந்துப் புறக்கணிப்பு நடந்த நகரம். அந்தப் போராட்டத்துக்குச் சமைத்து விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்தவர் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரத் தாய். வேலை போன பிறகும் தன் வீட்டு அடுப்படியிலேயே அதைத் தொடர்ந்தவர். 1957இல் அவருடைய மகன் மார்க், ஓக் பார்க் வழியாகக் குறுக்கே நடந்து போனதற்காகப் போலீசாரால் அடிக்கப்பட்டார். கில்மோர் குடும்பமும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். நகராட்சி 1959 ஜனவரி முதல் நகரத்தின் எல்லாப் பூங்காக்களையும் மூடியது. விலங்குக் காட்சியகத்தின் விலங்குகளை விற்றது. ஓக் பார்க் நீச்சல் குளத்தை மண் போட்டு மூடியது. 1965இல்தான் பூங்காக்கள் திறந்தன. குளம் திரும்பவில்லை. இதற்கிடையில் பொழுதுபோக்கு வசதிகளையெல்லாம் ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் நடத்த நகராட்சி ரகசியமாக ஒப்பந்தம் போட்டிருந்தது 1970 வாக்கில் வழக்கில் வெளிப்பட்டது. தனியார் என்றால் யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம் அல்லவா!

ஜார்ஜியாவின் மேக்கனில் ஒரு செனட்டர் வெள்ளையருக்கு மட்டும் என்று உயிலெழுதி வைத்த பேக்கன்ஸ்ஃபீல்டு பூங்காவைக் கறுப்பருக்கும் திறக்க வேண்டும் என்று 1966இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலின் நோக்கம் கெட்டுவிட்டதால் நிலம் வாரிசுகளுக்கே போகட்டும் என்று 1970இல் அதே நீதிமன்றம் சொன்னது. பூங்கா கடைத்தெரு ஆனது. 1971இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் நீச்சல் குளங்களை மூடியது சரியா என்ற வழக்கில், எல்லோருக்கும் மூடினால் அது பாகுபாடு ஆகாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். பூட்டுக்குச் சட்ட முத்திரை கிடைத்தது.

எதிர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பாதி. நீர் மறுக்கப்பட்ட மக்கள் நீருக்குள் நடந்தே போராடினார்கள். உணவகத்தில் உட்கார்ந்ததுபோல, கடலில் இறங்கி நின்றார்கள். மயாமியில் 1945 மே மாதம் ஒரு சிறு குழு வெள்ளையர் கடற்கரையில் இறங்கியது. ஆகஸ்டில் வர்ஜீனியா கீ கடற்கரை கறுப்பருக்குத் திறந்தது. தனிக் கடற்கரைதான், ஆனாலும் கடல். மிசிசிப்பியின் பிலாக்சியில் மருத்துவர் கில்பர்ட் மேசன் 1959 தொடங்கி மக்களை அழைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் இறங்கினார். 1960 ஏப்ரலில் வெள்ளைக் கும்பல் கட்டையும் சங்கிலியுமாக வந்து அடித்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மணல் மத்திய அரசின் பணத்தில் கொட்டிய செயற்கை மணல் என்பதே வழக்கின் பிடி, 1968இல்தான் வெற்றி. ஃப்ளோரிடாவின் பிரோவர்டு கவுண்டியில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய கடற்கரைக்குப் போடுவதாகச் சொன்ன சாலையைப் போடவே இல்லை. படகில்தான் போக வேண்டும். யூலா ஜான்சனும் மருத்துவர் வான் மிசெலும் 1961 ஜூலை 4 அன்று, நாட்டின் சுதந்திர நாளில், ஃபோர்ட் லாடர்டேலின் வெள்ளையர் கடற்கரையில் மக்களோடு இறங்கினார்கள். படகில் போகவேண்டியிருந்த அந்தக் கடற்கரை இன்று மாநிலப் பூங்கா. 2016இல் அதற்கு அவர்கள் இருவர் பெயரையும் வைத்தார்கள்.

வட கரோலினாவின் ஹாமக்ஸ் பீச் வேறு மாதிரியான கதை. நியூயார்க்கின் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஷார்ப் அங்கே நிலம் வாங்கி, ஜான் ஹர்ஸ்ட் என்ற கறுப்பினத்தவரைக் காப்பாளராக வைத்தார். சுற்றியிருந்த வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை; மருத்துவர் அசையவில்லை. நிலத்தை ஹர்ஸ்டுக்கே எழுதிவைக்க நினைத்தபோது, ஆசிரியையாக இருந்த ஹர்ஸ்டின் துணைவி கெர்ட்ரூட், எங்களுக்கு வேண்டாம், கறுப்பின ஆசிரியர் சங்கத்துக்குக் கொடுங்கள் என்றார். 1950இல் அப்படியே நடந்தது. 1961இல் ஆசிரியர் சங்கம் அதில் ஒரு தீவை மாநிலத்துக்குப் பூங்காவாகக் கொடுத்தது. 1964க்குப் பின் எல்லோருக்கும் திறந்தது. இங்கே கொடுத்தவர்கள் கறுப்பின ஆசிரியர்கள், பெற்றுக்கொண்டது மாநிலம். நிலம் நமக்குக் கிடைத்தபோது நம் அமைப்புகள் என்ன செய்தன என்ற பேச்சு வரும்போதெல்லாம் கெர்ட்ரூட் ஹர்ஸ்டை நினைக்கிறோம்.

ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவு ராக்ஃபெல்லர், மார்கன் போன்ற கோடீஸ்வரர்களின் கிளப்பாக இருந்தது. 1947இல் மாநிலம் அதை 6,75,000 டாலருக்கு எடுத்துப் பொதுச்சொத்து ஆக்கியது. 1950இல் தீவின் தென்கோடியில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரை கறுப்பருக்கு ஒதுக்கப்பட்டது. அந்த மாநிலத்தில் கறுப்பர் இறங்கக்கூடிய முதல் பொதுக் கடற்கரை அதுதான். அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்டு 50 ஆண்டு கழித்து, 1858இல், 'வாண்டரர்' என்ற கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 400 பேரைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து இறக்கியதும் இதே தீவில். அவர்களுக்கான நினைவுப்பாதை இன்று அந்தக் கடற்கரையில் இருக்கிறது. தீவு இருப்பது கிளின் கவுண்டியில். 2020 பிப்ரவரியில் அதே கவுண்டியில், ஓடிக்கொண்டிருந்த அஹ்மத் ஆர்பரியை மூன்று வெள்ளையர் வண்டியில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். திறந்தவெளியில் ஓடுவதும் ஒரு பொழுதுபோக்குதானே.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, அமெரிக்க ஆய்வுலகில் நெடுங்காலம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பாருங்கள்: கறுப்பர்கள் ஏன் காட்டுப் பூங்காக்களுக்கு அதிகம் வருவதில்லை? 1978இல் ராண்டல் வாஷ்பர்ன் இரண்டு விடைகளை எதிரெதிரே வைத்தார்: வறுமையும் விலக்கும் காரணமா, இல்லை பண்பாட்டு விருப்பம் வேறா. இரண்டாவது விடையைப் பற்றிக்கொண்டவர்கள், அவர்களுக்கு இயற்கையில் ஆர்வமில்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். இந்தக் குரல் நமக்குப் பழக்கம். நம் மக்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை, சுத்தத்தில் ஆர்வமில்லை என்று சொன்ன அதே குரல். கரோலின் ஃபின்னி 2014இல் எழுதிய நூல் இதற்கு நல்ல பதில். காடு என்பது சிலருக்கு ஓய்விடம். மரத்தில் தூக்கிலிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது வேறு. நினைவு உடம்பில் இருக்கிறது, விருப்பக் கணக்கெடுப்பில் அகப்படாது. 2009இல் ரூ மாப் தொடங்கிய 'அவுட்டோர் ஆஃப்ரோ' போன்ற அமைப்புகள் இன்று கறுப்பினக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு நடக்கின்றன, கூடாரம் போடுகின்றன, நீச்சல் கற்றுத்தருகின்றன. நீச்சல் கற்பதும் அரசியல்தான். குளம் மறுக்கப்பட்ட பிள்ளைகள் காவலில்லாத ஆற்று மடுவில் குளித்து மூழ்கிய சம்பவங்கள் தெற்கெங்கும் உண்டு. வட கரோலினாவின் மன்ரோவில் 1957இல் ராபர்ட் வில்லியம்ஸ் நீச்சல் குளத்துக்காகப் போராடத் தொடங்கியதே அப்படியான சாவுகளுக்குப் பின்புதான்.

1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்கும் மேற்கும் போனார்கள். 1970களுக்குப் பின் ஓட்டம் திரும்பியது. ஓய்வுபெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அட்லாண்டாவுக்கும் சார்லட்டுக்கும் ஹூஸ்டனுக்கும் குடிவருகிறார்கள். தென்மாநிலத்துக்குக் குடிவருவோர் என்று கையேடு பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில் இவர்களும் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிறுவயதில் எந்த வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டார்களோ அதே வாயிலுக்கு இன்று பேரப்பிள்ளைகளோடு வண்டியில் வரும் முதியவர்கள் உண்டு. பக்கத்து மேசையில் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும் நம்மவர், அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம்.

கேரிக்கும் மோரிஸ்வில்லுக்கும் பக்கத்திலேயே வில்லியம் பி. அம்ஸ்டெட் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறிந்த இடம். 1930களில் கிராப்ட்ரீ கிரீக் என்ற பெயரில் உருவானது. 1950இல் அதே காட்டின் தென்பகுதியில் ரீடி கிரீக் என்று கறுப்பருக்குத் தனிப் பூங்கா வைத்தார்கள். 1966இல் இரண்டையும் சேர்த்து ஒரே பெயர் கொடுத்தார்கள். இன்றும் அதற்கு இரண்டு வாயில்கள். வடக்கு வாயில் 70ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கம், தெற்கு வாயில் 40ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கம். உள்ளே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம். காரில் போக வழியில்லை. வெளியே வந்து, நெடுஞ்சாலை பிடித்து, சுற்றிக்கொண்டுதான் அடுத்த வாயிலுக்குப் போக வேண்டும்.